குறைந்த வருமான வீடுகளில் வெப்பமூட்டல்: கணக்கு சொல்வதும் மீட்டர் காட்டுவதும்

கேள்வி இதுதான். பிரிட்டனில் ஒரு வீட்டை வெப்பமாக வைத்திருக்க ஆண்டுக்கு 12,000 யூனிட் (கிலோவாட் மணி) எரிவாயு ஆகும் என்று கணக்கு சொல்கிறது. அங்கே குடியிருக்கும் குறைந்த வருமானக் குடும்பத்தின் மீட்டரோ 7,500 யூனிட்டோடு நின்றுவிடுகிறது. பின்னர் மானியத்தில் அந்த வீட்டின் சுவருக்கும் பரணுக்கும், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் வெப்பக் காப்பு போடப்படுகிறது. ஆண்டுக்கு 5,000 யூனிட் மிச்சமாகும் என்றார்கள், 2,000தான் மிச்சமானது. கணக்கு தவறா, குடும்பம் ஏதும் தவறு செய்கிறதா, அல்லது செலவிட்ட பணம் வீணா?

குடும்பத்தின்மேல் தவறில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் கொஞ்சம் தவறு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இந்த இடைவெளியின் முக்கியமான பகுதி தவறால் வருவதே அல்ல. இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் அதைப் போதிய வெப்பத்தில் வைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது கணக்கின் கேள்வி. அந்தக் குடும்பத்தால் எவ்வளவு ஆற்றலை வாங்க முடிந்தது என்பதற்கு விடை சொல்வது மீட்டர். வசதியான குடும்பத்தில் இரண்டும் ஓரளவு நெருங்கி வரும். கையில் காசு இல்லாத வீட்டில் இரண்டுக்கும் இடையே விழும் வித்தியாசம், பெரும்பாலும், வாங்க முடியாமல் போன வெப்பம்.

பிரிட்டனின் கணக்கு முறை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பிரெடெம் என்ற கணக்கீட்டு மாதிரியின் மேல், 1990களில் சாப் எனப்படும் தரப்படுத்திய மதிப்பீட்டு முறை எழுந்தது. 2007 முதல் வழங்கப்படும் ஆற்றல் செயல்திறன் சான்றிதழ்களும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. இம்முறையின் பல பதிப்புகளில், வரவேற்பறை 21 பாகை செல்சியசிலும் மற்ற அறைகள் 18 பாகையை ஒட்டியும் இருக்கும் என்றும், வேலை நாட்களில் 9 மணி நேரமும் வார இறுதியில் 16 மணி நேரமும் வெப்பமூட்டல் ஓடும் என்றும் கொள்ளப்பட்டது. குடியிருப்போர் எத்தனை பேர் என்பதைக்கூட யாரும் கேட்பதில்லை. வீட்டின் தரைப்பரப்பிலிருந்தே அது ஊகிக்கப்படுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு ஒப்பிட வேண்டுமானால் குடியிருப்பவரின் பழக்கங்களை ஒதுக்கிவைத்தே ஆக வேண்டும். வீடுகளை ஒப்பிட எழுதப்பட்ட எண்ணை ஒரு குடும்பத்தின் அடுத்த ஆண்டுச் செலவாகவும், அதன் சேமிப்பாகவும் படிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

மேலே சொன்ன எண்களையே எடுத்துக்கொண்டு எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். உள்ளும் புறமும் 1 பாகை வித்தியாசம் இருந்தால் அந்த வீடு 300 வாட் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பமூட்டும் பருவம் சுமார் 5,000 மணி நேரம். அப்போது வெளியே சராசரி 6.5 பாகை. மனித உடல், சமையல், விளக்கு, வெயில் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் 900 வாட் வெப்பம், வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலன் எரியாமலேயே வீட்டை 3 பாகை உயர்த்திவிடும். முழு வீட்டின் இரவுபகல் சராசரி 17.5 பாகை என்று மாதிரி கருதினால், 11 பாகை வித்தியாசத்தில் 3 போக, மீதி 8 பாகைக்குக் கொதிகலன் எரிய வேண்டும்: 12,000 யூனிட். குடும்பம் ஒரே அறையை மட்டும் சூடாக்கிச் சராசரியை 14.5 பாகையில் வைத்தால், கொதிகலன் தர வேண்டியது 5 பாகை மட்டும்: 7,500 யூனிட். கொதிகலனின் வீணடிப்பை இங்கே விட்டுவிட்டேன். வாதத்துக்கு அது தேவையில்லை. கவனிக்க வேண்டியது, உள்வெப்பநிலையில் வெறும் 3 பாகைக் குறைவு ஆற்றல் செலவில் ஏறக்குறைய 38 சதவீதக் குறைவாக மாறுகிறது என்பதே. தானாகக் கிடைக்கும் வெப்பம் முதல் சில பாகைகளைச் சுமந்துகொள்வதால், கொதிகலனின் வேலை என்பது கடைசிப் பாகைகளைக் கூட்டுவதுதான். அந்தக் கடைசிப் பாகைகளைத்தான் பணமில்லாதவர் முதலில் கைவிடுகிறார்.

இப்போது காப்பு போடுவோம். இழப்பு 300 வாட்டிலிருந்து 200 வாட்டாகக் குறைகிறது. அதே 900 வாட் இப்போது 4.5 பாகையைத் தருகிறது. வீடு மெதுவாகக் குளிர்வதால் மாதிரியின் சராசரி 18 பாகைக்கு உயர, தேவை 7,000 யூனிட் ஆகிறது. ஆக, வாக்களித்த சேமிப்பு 5,000. உண்மையில் அந்தக் குடும்பம் 14.5 பாகையிலேயே இருந்திருந்தால் செலவு 3,500 யூனிட்டாக இறங்கி, 4,000 யூனிட் மிச்சமாகியிருக்கும். ஆனால் அவர்கள் 16.5 பாகைக்கு வந்தார்கள். செலவு 5,500, சேமிப்பு 2,000. காணாமற்போன 3,000 யூனிட்டில் 1,000 என்பது, அவர்கள் முன்பே குறைவாக எரித்ததால் தொடக்கத்திலிருந்தே இல்லாத சேமிப்பு. மீதி 2,000 யூனிட் வீட்டை 2 பாகை உயர்த்தியிருக்கிறது. குளிரில் கிடந்த படுக்கையறைக்குப் போயிருக்கிறது. அதை இழப்பு என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

இந்த இரு பகுதிகளையும் ஆய்வாளர்கள் தனித்தனியாகவே பார்க்கிறார்கள். சேமித்ததைக் கூடுதல் வெப்பமாக எடுத்துக்கொள்வது மீள்விளைவு. காப்பு போடுவதற்கு முன்பே கணக்கைவிடக் குறைவாகச் செலவிடுவது முன்விளைவு. பின்னதை 2012இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் ஜெர்மனியின் சுமார் 3,400 வீடுகளின் தரவைக் கொண்டு விளக்கினார்கள். கணக்கிட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே அங்கே ஆற்றல் செலவாகியிருந்தது. வீட்டின் தரம் மோசமாக மோசமாக இடைவெளி விரிந்தது. மிகச் சிறந்த தரமுள்ள வீடுகளில் அது தலைகீழாகி, கணக்கைவிட அதிகமாகச் செலவானது. நெதர்லாந்தில் சுமார் 2 லட்சம் வீடுகளின் சான்றிதழையும் எரிவாயு அளவையும் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்விலும் இதே வடிவம்தான் தெரிந்தது: கடைசித் தரமான ஜி வீடுகளில் கணக்கு மிகையாகவும், முதல் தரமான ஏ வீடுகளில் குறைவாகவும் இருந்தது.

வெப்பம் கசியும் வீடுகளில் குறைந்த வருமானத்தார் பலர் வாழ்கிறார்கள் என்பதால், வறுமையின் தடமும் கட்டடத்தின் தடமும் இந்த எண்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இவற்றைப் பிரிக்காமல் முழு இடைவெளியையும் வறுமையின் கணக்கில் எழுதிவிடுவதும் நேர்மையாகாது. பிரிட்டனின் பழைய, நடுவே இடைவெளி இல்லாத திடச் சுவர்கள் இதற்கு நல்ல சான்று. சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 2.1 வாட் வெப்பத்தை அவை கடத்தும் என்றே மாதிரி நெடுங்காலம் கருதிவந்தது. சுவர்களில் உணரிகளைப் பதித்து அளந்தபோது சராசரி 1.3 வாட்டை ஒட்டியே வந்தது. பின்னர் மாதிரியின் மதிப்பும் 1.7 ஆகத் திருத்தப்பட்டது. அதாவது, குடியிருப்பவர் எப்படி வாழ்ந்தாலும் அந்த வீடுகளின் கணக்கு மிகையாகவே இருந்திருக்கும். 2023இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் எரிவாயுவில் வெப்பமூட்டும் 1,374 வீடுகளின் ஸ்மார்ட் மீட்டர் அளவுகளைச் சான்றிதழோடு ஒப்பிட்டார்கள். சி தரத்தில் 8 சதவீத மிகை. எஃப், ஜி தரங்களில் 48 சதவீத மிகை. மாதிரி கருதும் விதத்திலேயே வீட்டை வெப்பமூட்டுவோரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் இடைவெளி மறையவில்லை. குளிரில் இருப்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், குறைந்த வருமான வீடுகளில் ஒரு தனிச்சிக்கல் எஞ்சி நிற்கிறது. வேலையின்றி இருப்போர், நோயாளிகள், முதியோர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார் ஆகியோர் பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கிறார்கள். 9 மணி நேர வெப்பமூட்டல் அவர்களுக்குப் போதாது. அவர்களின் உண்மையான தேவை மாதிரியின் கணக்கைவிட அதிகம். வீட்டைப் போதிய அளவு சூடாக்க வசதியில்லாத நிலையை அளக்கும் பிரிட்டனின் எரிபொருள் வறுமைப் புள்ளிவிவரம் இதை உணர்ந்து, பகலில் வீட்டில் இருப்போருக்கு எல்லா நாட்களிலும் 16 மணி நேரம் என்று தனியாகக் கணக்கிடுகிறது. தேவை ஒருபுறம் உயர, செலவு மறுபுறம் தாழ, வெளியே தெரியும் இடைவெளியைவிட உள்ளே மறைந்திருக்கும் பற்றாக்குறை பெரிதாகிறது. மீட்டரைக் குறைவாக ஓடவிடுவதை இங்கே சிக்கனம் என்று புகழ முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டுதல், குளிர்காலத்தில் உள்வெப்பநிலை குறைந்தது 18 பாகை இருக்க வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே நாள்கணக்கில் வாழும்போது இரத்த அழுத்தமும் மூச்சுக் கோளாறுகளும் மோசமாகின்றன. சுவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது.

முன்பணம் செலுத்தும் மீட்டர் உள்ள வீடுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. பணம் தீர்ந்ததும் இணைப்பு தானாக நின்றுவிடும். யாரும் துண்டிக்கவில்லை என்பதால் அது துண்டிப்பாகப் பதிவாவதுமில்லை. எரிவாயுவைத் தொடாத நாளிலும் நாள்வாரி நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை போடும் பணத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். 2022 ஏப்ரலில் பிரிட்டனின் எரிசக்தி விலை உச்சவரம்பு ஒரே தாவலில் 54 சதவீதம் உயர்ந்து, வழக்கமான பயன்பாட்டுக்கான ஆண்டுக் கட்டணம் 1,277 பவுண்டிலிருந்து 1,971 பவுண்டாயிற்று. விலை ஏறினாலும் மாதிரி சொல்லும் தேவை ஒரு யூனிட்கூட மாறாது. மீட்டர் மட்டும் இறங்கும். அந்த ஆண்டுகளின் மீட்டர் அளவை அடிப்படையாக வைத்து ஒரு வீட்டின் தேவையை மதிப்பிடுவது, பசியோடு படுத்தவரின் தட்டைப் பார்த்து அவர் உணவுத் தேவையை முடிவு செய்வதற்கு ஒப்பாகும்.

காப்பு வேலைகளின் பலன் பற்றிய ஆய்வுகள் ஒரே திசையில் பேசுவதில்லை. இங்கிலாந்தில் 2000 முதல் 2013 வரை நடந்த வார்ம் ஃபிரண்ட் திட்டம் குறைந்த வருமான வீடுகளுக்குக் காப்பும், வீடு முழுவதையும் ஒரே கொதிகலனால் சூடாக்கும் மைய வெப்பமூட்டலும் கொடுத்தது. 2006இல் வந்த மதிப்பீட்டின்படி, இரட்டைச் சுவரின் நடு இடைவெளிக்கும் பரணுக்கும் போட்ட காப்பு, வெப்பமூட்டும் எரிபொருளை மைய வெப்பமூட்டல் உள்ள வீடுகளில் சுமார் 10 சதவீதமும் இல்லாத வீடுகளில் சுமார் 17 சதவீதமும் குறைத்தது. கோட்பாடு எதிர்பார்த்ததைவிட இது மிகக் குறைவு. புதிய எரிவாயு மைய வெப்பமூட்டல் அமைத்த வீடுகளில் எரிபொருள் குறையவே இல்லை. ஆனால் காப்பும் வெப்பமூட்டலும் சேர்த்துப் பெற்ற வீடுகளில் பகல்நேர வரவேற்பறை சுமார் 1.6 பாகையும், இரவுநேரப் படுக்கையறை சுமார் 2.8 பாகையும் உயர்ந்தன. எரிபொருள் அட்டவணையை மட்டும் பார்த்தவர் தோல்வி என்றிருப்பார். வெப்பநிலை அட்டவணையைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. இதற்கும் முன்பே, 2000இல், மில்ன், போர்ட்மன் இருவரும் பல திட்டங்களின் தரவைத் தொகுத்து ஒரு பயனுள்ள விதியைக் கண்டிருந்தார்கள்: வீட்டின் உள்வெப்பநிலை 16.5 பாகையில் இருந்தால், காப்பின் பலனில் சுமார் 30 சதவீதம் கூடுதல் வெப்பமாகப் போகும். வீடு ஏற்கெனவே வெப்பமாக இருக்க இருக்க இந்தப் பங்கு குறையும். திட்டமிடும்போதே கழிக்கக்கூடிய அளவு இது.

நியூசிலாந்தில் 2007இல் வெளியான ஆய்வு என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சிறந்த பரிசோதனைகளுள் ஒன்று. குறைந்த வருமானப் பகுதிகளில் 1,350 வீடுகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதலில் காப்பு போட்டார்கள். படுக்கையறை வெப்பநிலை அரைப் பாகைதான் கூடியது. ஆற்றல் செலவு காப்பில்லாத வீடுகளின் செலவில் 81 சதவீதமாக இருந்தது. ஆனால் குழந்தைகள் பள்ளிக்குப் போகாத நாட்களும், பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்களும் தெளிவாகக் குறைந்தன. ஆற்றல், வெப்பம், உடல்நலம் மூன்றையும் ஒரே ஆய்வில் அளந்ததால்தான் இதைக் காண முடிந்தது.

எதிர்ப்பக்கச் சான்றையும் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல் நடக்கும் குறைந்த வருமான வீடுகளுக்கான காப்புத் திட்டத்தை மிச்சிகனில் 30,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டு ஃபவுலி, கிரீன்ஸ்டோன், வூல்ஃப்ரம் ஆகியோர் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். செலவு குறைந்தது உண்மை; ஆனால் மாதிரி முன்கூட்டிச் சொன்ன சேமிப்பு உண்மையானதைப் போல் பல மடங்கு. அதோடு, வீடுகள் குறிப்பிடத்தக்க அளவு வெப்பமானதற்கான சான்றும் கிடைக்கவில்லை. அதாவது, காணாமற்போன சேமிப்பை அங்கே வெப்பம் என்று சொல்லி ஆறுதல்பட முடியாது. பின்னர் இல்லினாய் மாநிலத்தில் இந்த இடைவெளியைப் பகுத்துப் பார்த்தபோது, மாதிரியின் ஒருபக்கச் சாய்வு 41 சதவீதம் வரையும், வேலைத்தரத்தின் ஏற்றத்தாழ்வு 43 சதவீதம் வரையும் விளக்கியது. மீள்விளைவுக்குக் கிடைத்த பங்கு சுமார் 6 சதவீதம். இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எதிர்பார்த்த சேமிப்பு வராதபோதெல்லாம் "குடும்பம் வெப்பத்தை எடுத்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டால், பரணின் மூலைகளை விட்டுவிட்ட ஒப்பந்தக்காரரும், மிகையாகக் கணக்கிட்ட மென்பொருளும் கேள்வியின்றித் தப்பித்துவிடுவார்கள். எந்த விளக்கம் பொருந்தும் என்பதை உள்வெப்பநிலை அளவுதான் சொல்லும். வீடு வெப்பமாகி, செலவு குறையாமலிருந்தால் அது பலன். வீடும் வெப்பமாகவில்லை, செலவும் குறையவில்லை என்றால் சுவரையும் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டும்.

எந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் கொள்கைகள் பலமுறை தடுமாறியிருக்கின்றன. உதவி யாருக்குத் தேவை என்று கண்டறிய, தேவைக் கணக்கே சரியான கருவி. 1991இல் பிரெண்டா போர்ட்மன் முன்வைத்த வரையறை, வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எரிபொருளுக்குச் செலவிட வேண்டியிருக்கும் குடும்பத்தை எரிபொருள் வறுமையில் இருப்பதாகக் கொண்டது. பிரிட்டன் அரசு அதை ஏற்று அளந்தபோதும் உண்மைச் செலவை எடுக்காமல், போதிய வெப்பத்துக்குத் தேவைப்படும் செலவையே எடுத்தது. உண்மைச் செலவை எடுத்திருந்தால், வெப்பமூட்டலை அறவே நிறுத்திவிட்ட குடும்பம் வறுமையிலிருந்து மீண்டதாகப் பதிவாகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவீடுகளில் ஒன்று இதை வேறு வழியில் அணுகுகிறது: நாட்டின் நடுமட்ட எரிசக்திச் செலவில் பாதிக்கும் கீழே செலவிடும் வீடுகளை மறைந்த எரிசக்தி வறுமையின் அடையாளமாகக் கொள்கிறது. நன்றாகக் காப்பிட்ட சிறு வீடுகளும் அதில் சிக்கிக்கொள்ளும் என்ற குறை இருந்தாலும், குறைந்த மீட்டர் அளவை எச்சரிக்கையாகப் படிக்கிறது என்பதால் அதை நான் மதிக்கிறேன். இங்கிலாந்து 2021 முதல் பயன்படுத்தும் அளவீடு, வருமானம் குறைவாக இருப்பதோடு வீட்டின் தரம் சி-க்குக் கீழே இருந்தால்தான் குடும்பத்தை எரிபொருள் வறுமையில் சேர்க்கிறது. சி தர வீட்டில், வெப்பமூட்டலை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஏழை அதில் தென்பட மாட்டார்.

கடன் திருப்பும் கணக்கில் நிலைமை நேர்மாறு. 2013இல் தொடங்கி 2015இல் நிதி நிறுத்தப்பட்ட பிரிட்டனின் கிரீன் டீல் திட்டம், காப்பு வேலைக்கான கடனை எரிசக்திக் கட்டணத்தில் சேர்த்துத் திருப்பச் செய்தது. எதிர்பார்க்கும் சேமிப்பைத் தவணை மிஞ்சக்கூடாது என்பது அதன் பொன்விதி. அந்தச் சேமிப்பு மாதிரியிலிருந்து வந்தது. நடைமுறைக்கேற்ப அதில் ஒரு பகுதியைக் கழித்தார்கள் என்றாலும், அந்தக் கழிவு சராசரி வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 7,500 யூனிட் மட்டுமே எரித்த குடும்பத்துக்கு, 12,000 யூனிட் எரிக்கும் வீட்டின் சேமிப்பைக் கொண்டு தவணை விதித்தால், காப்பு போட்ட பிறகு அவர்களின் கட்டணம் கூடவே செய்யும். அங்கே மீட்டர்தான் பேச வேண்டும். கார்பன் குறைப்பு இலக்குகளும் அப்படியே: குறைவாக எரித்ததால் முன்பே உமிழப்படாத கார்பனைக் குறைக்க முடியாது.

ஆகவே, கேட்டவருக்கு என் பரிந்துரை எளிது. ஒரு வீட்டில் வேலை தொடங்குமுன் ஒரு குளிர்காலமும், முடிந்தபின் ஒரு குளிர்காலமும் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் வெப்பநிலைப் பதிவுக்கருவி வைக்க வேண்டும். அது மிக மலிவானது; காப்பு வேலையின் செலவோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது. மீட்டர் அளவோடும் அந்தந்தக் குளிர்காலத்தின் கடுமையோடும் அதைச் சேர்த்துப் படித்தால், வீடு உண்மையில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணிக்க முடியும். ஸ்மார்ட் மீட்டரையும் உள்வெப்பநிலையையும் இணைக்கும் இத்தகைய முறைகளைப் பிரிட்டன் அரசு தன் ஸ்மீட்டர் திட்டத்தில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறது. குடும்பத்துக்குச் சொல்லும்போதும் ஒற்றை எண்ணைச் சொல்லக்கூடாது. இப்போதைய குளிரிலேயே இருந்தால் இவ்வளவு மிச்சமாகும், 18 பாகைக்கு வந்தால் இவ்வளவுதான் மிச்சமாகும் அல்லது ஒன்றும் மிச்சமாகாது என்று இரண்டையும் சொன்னால், எதை எடுத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

எரிவாயுக் கொதிகலனுக்குப் பதில், வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் வைக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. கொதிகலன்கள் பொதுவாகத் தேவைக்கு மிஞ்சிய திறனோடே பொருத்தப்படுவதால் தவறான கணக்கு அங்கே வெளியே தெரிவதில்லை. ஹீட் பம்ப் அப்படியன்று. அதன் திறனும் ரேடியேட்டர்களின் அளவும் அறைக்கு அறை கணக்கிட்ட வெப்ப இழப்புக்குப் பொருந்த வேண்டும். குளிரில் வாழ்ந்த குடும்பத்தின் பழைய எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்து அளவெடுத்தால், அந்தக் குடும்பம் எப்போதும் குளிரிலேயே இருக்கும்படியான கருவி பொருத்தப்படும். தேவைக் கணக்கைக் கொண்டு திறனைத் தீர்மானித்துவிட்டு, ஓட்டச் செலவை மட்டும் அவர்கள் உண்மையில் எரித்த யூனிட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைப் போல் மூன்று நான்கு மடங்கு விலை என்பதால், 7,500 யூனிட்டில் காலம் தள்ளிய குடும்பம் வீட்டை முழுதாகச் சூடாக்கும்போது கட்டணம் கூடுமா, எவ்வளவு கூடும், அதை யார் தாங்குவது என்பதைப் பொருத்துவதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.